போர்க்கள மருத்துவரும் கதைமாந்தரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கதைமாந்தர் அனைவரும் வெறுங் கற்பனையில் பிறந்தவர் அல்லர். சிலர் போர்க்கால மருத்துவமனையிலே பிறந்தவர்கள். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் தாதியாகவும், பின்னர் மருந்து கலப்பவராகவும் பணிபுரிந்தார் அகதா கிறிஸ்டி. மருந்தறையில் கற்ற நஞ்சுகளைப் பற்றிய அறிவும், அந்நகருக்கு வந்த பெல்ஜிய அகதிகளும், 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலுக்குத் துப்பறியும் புவாரோவை அளித்தன. கொரியப் போரில் அறுவை மருத்துவராயிருந்த ஹார்ன்பெர்கர், 1968இல் புனைபெயரில் ‘மாஷ்’ நாவலை எழுதினார். அதில் வரும் மருத்துவர் ஹாக்ஐ பியர்ஸ் சிரிப்பதெல்லாம், இரத்தத்தின் நடுவே மனம் உடையாதிருப்பதற்கே.

அன்பர்களே! அத்தகைய மருத்துவர் ஒருவர் நம் வாசலருகேயே வாழ்ந்தார். அவர் பெயர் ஹோவர்ட் சாமர்வெல். 1916இல் பிரான்சில் சாம் போர்க்களத்தருகே அறுவை மருத்துவராயிருந்தார். காயமுற்றோர் ஏக்கர் கணக்கில் தரையில் கிடந்தனர். ‘என்னை முதலில் கவனியுங்கள்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தவர், நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். அங்கும் பெருங்கூட்டம் காத்திருந்தது. போதிய மருத்துவர் இல்லை. இலண்டன் வாழ்வைத் துறந்து நெய்யூரிலேயே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தொண்டாற்றினார்.

பாறசாலையில் இரயிலேறி இரணியலில் இறங்கினால் நெய்யூர் அருகில்தான். 1956 நவம்பர் 1ஆம் நாள் நெய்யூர் தமிழகத்தோடு இணைந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. இன்று இப்பக்கம் காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நோய்க்கும் நன்றிக்கும் எல்லை ஏது?

ஆயினும், பெயர்ப்பலகை வரலாறு ஆகாது. நான் கணக்கு எழுதும் எழுத்தன். எத்தனை பேர் வந்தனர் என்பதைப் பேரேடு சொல்லும். எவ்வாறு காத்திருந்தனர் என்பதைக் கதையே சொல்லும். நோயாளியை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர், வெளித்திண்ணையில் சோறு பொங்கிய தாய், இரவெல்லாம் விழித்திருந்த தாதி ஆகியோரெல்லாம் கதைமாந்தராகத் தகுதியுடையோர் அல்லரோ? தம் பெற்றோரிடம் கேட்ட நெய்யூர்ச் செய்திகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம் காலனியிலும் இருக்கக்கூடும். அவர்கள் மறைந்தால் அச்செய்திகளும் மறையும்.

இளைஞர்களே! இன்றிரவே உங்கள் பாட்டியின் அருகே அமர்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றைக் காண விழைந்து, என் உரையை முடிக்கின்றேன்.