கருவியும் படமும்

மலேசியாவின் மேரு, கிள்ளான் வட்டாரங்களில் படமெடுக்க விழையும் இளைஞர்கள் புதிய கேமராக்களின் மீதும், ஒளியைக் குவித்துத் தரும் லென்ஸ்களின் மீதும் கொள்ளும் ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆனால் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே காலம் கழிந்தால் படம் பிறப்பதில்லை. 2005இல் வெளிவந்த, தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை', விலைமிகுந்த பிலிம் சுருளை நாடாமல் டிஜிட்டல் வீடியோவில் எளிய செலவில் உருவாகி, மலேசிய ரப்பர் தோட்டத் தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வையும், உயர்கல்விக்கு ஏங்கும் மகளின் கனவையும் காட்டி, அயல்நாட்டுத் திரைப்பட விழாக்கள் வரை சென்றது. அடுக்களையில் புதுப் பாத்திரங்கள் எத்தனை இருப்பினும், உலை வைத்தால்தான் சோறு பொங்கும். எனவே நேயர்கள், கையிலுள்ள கைபேசியைக் கொண்டே, இவ்வார இறுதியில் சிறு படமொன்றை எடுத்து முடிப்பார்களாக. அடுத்து எந்தக் கருவி தேவை என்பதை அந்தப் படமே காட்டிவிடும்.