மருந்துக்கு மருந்து பகை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம் ஓர் உண்மையை உலகுக்கு மெய்ப்பித்தது. காசநோயாளரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடத்த வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதே அது. அதன் பயனைத் தாராவியின் ஒற்றையறைக் குடித்தனங்களும் பெற்றன. ஆயின், வீட்டுக்கு வந்த காச மருந்து தனியே இருப்பதில்லை. நோயாளி முன்னரே உண்டுவரும் சர்க்கரை மாத்திரையோடும், ஊரிலிருந்து கொணர்ந்த சூரணத்தோடும் ஒரே தகர டப்பாவில் குடியேறுகிறது. அவ்வாறு கூடும் மருந்துகள் ஒன்றோடொன்று பகைப்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

இன்றைய காச மருந்துகளுள் தலையாயது ரிஃபாம்பிசின். பிரான்சு நாட்டு மண்ணில் 1957-இல் கண்ட ஒரு நுண்ணுயிரை மூலமாகக் கொண்டு, மிலான் நகர ஆய்வாளர் 1960-களில் உருவாக்கியது. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மருந்து என்றால் பலருக்கும் விளங்கும். அது கிருமியைக் கொல்வதோடு நில்லாது, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் பெருகச் செய்கிறது. அதனால் உடனுண்ணும் பல மருந்துகள் தம் பணியை முடிக்குமுன்னரே கழிந்துபோகின்றன. சர்க்கரை மாத்திரைகளுள் சில வலுவிழக்கும். கருத்தடை மாத்திரை பயனற்றுப் போகக்கூடும். தாய்மார்கள் கூச்சமின்றி மருத்துவரைக் கேட்டறிதல் நன்று.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோர் நிலை இன்னும் நுட்பமானது. குருதி உறையாதிருக்க அவர்கள் வார்ஃபரின் உண்பர். ரிஃபாம்பிசின் சேர்ந்தால் அதன் வலிமை குன்றும். மருத்துவர் குருதியைச் சோதித்து வார்ஃபரின் அளவைப் பன்மடங்கு உயர்த்த நேரிடும். ஆறு திங்களில் காச மருந்து முடிகிறது. வீட்டார் மகிழ்ந்து இனிப்பு வழங்குகின்றனர். ஆபத்து அப்போதுதான் தலைகாட்டுகிறது! இரண்டு வாரமளவில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். உயர்த்திய அளவு குறைக்கப்படாவிடில் மூளையிலும் குருதி கசியலாம். மருந்து தொடங்கியதைச் சொல்வோர் உண்டு. முடிந்ததைச் சொல்வோரை அரிதாகவே காண்கின்றோம்.

வேறு நுண்ணுயிர்க்கொல்லிகளிலும் இத்தகைய பகை உண்டு. கிளாரித்ரோமைசின் அந்நொதிகளுள் ஒன்றை ஒடுக்குவது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினோடு சேர்ந்தால் பின்னது உடலில் தேங்கித் தசையைச் சிதைக்கும். மெட்ரோனிடசோலோ வார்ஃபரினை ஓங்கச் செய்யும். சிப்ரோஃப்ளாக்சசினை இரும்புச்சத்து மாத்திரையோடு விழுங்கினால் குடலே அதனைச் சரிவர ஏற்காது.

மருத்துவமனையில் சேர்ந்த நம்மவரிடம், என்ன மருந்து உண்கிறீர் என்று மராத்தியிலோ இந்தியிலோ வினவினால், 'காலையில் ஒரு சிவப்பு மாத்திரை' என்ற விடையே வருகிறது. மருத்துவர்தாம் என் செய்வார்? கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து இரண்டிரண்டாகத் தருவதால் பெயரும் போய்விடுகிறது. நாட்டு மருந்தை மருந்தென்றே கருதாமல் சொல்லாது விடுவோரும் உளர். அயல்நாட்டார் செய்தாலொழிய அது மருந்தாகாது போலும்!

யாரும் தாமாக எதனையும் நிறுத்த வேண்டா. அட்டைகளைக் கத்தரியாமல், பழைய சீட்டுகளோடும் சூரணப் பொட்டலத்தோடும் ஒரே பையிலிட்டு, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பெயர்களை ஆங்கிலத்தில் எழுதித்தரும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். காச மருந்து தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் அத்தாளின் தலைப்பில் அவர்கள் எழுதட்டும்.