யாருக்குச் சொல்வது, எந்தத் தமிழில்?

புற்றுநோய் மருத்துவர்களும் தாதியரும் கூடியிருக்கும் யாழ்ப்பாணத்து அவை இது. பழைய தமிழ் அச்சுநூல்களைக் கிண்டிக் காலம் கழித்த ஒருவரைத் தலைமைக்கு அழைத்தது பெரிய மதிப்பு. அழைக்கப்பட்டவருக்குக் கொஞ்சம் கைநடுக்கமும் உண்டு.

நோயறிதல், சிகிச்சை, அதற்குப் பின்னான வாழ்வு என்ற மாநாட்டுப் பொருளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போன நெடும்பயணங்களை அவை அறியும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய பணத்தில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டதையும் அறியும். வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்றி அடுத்த அமர்வு பேசும்.

தலைவருடைய வழக்கு வேறு.

வாட்டு வாசலில் மகன் டொக்டரை மறிக்கிறார்: "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." அப்பாவுக்கு அது வெறும் கட்டி. கறண்ட் பிடிக்க, அதாவது கதிர்ச்சிகிச்சைக்கு, போய்வருகிறார், ஏனென்று கேட்பதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் "அந்த வருத்தம்". மகளின் கலியாணப் பேச்சு முடியும்வரை அயலுக்கும் தெரியக்கூடாது.

இப்படி மறைப்பதை "எங்கள் பண்பாடு" என்று எழுதிய நண்பர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளைத் தலைவர் மரியாதையோடு இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவையும் உடன்பட முடியவில்லை. 1961இல் வெளிவந்த ஆய்வுக்காக டொனால்ட் ஓக்கன் சிக்காகோ மருத்துவர்களிடம் கேட்டார். புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் விடுவதே நல்லது என்றவர்கள் ஏறக்குறைய 90 வீதம். 1979இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில் 97 வீதமானோர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தேசத்தின் பண்பாடா தலைகீழானது? மருத்துவர்களின் பழக்கம் மாறியது. இங்கும் மாறலாம்.

அடுத்த சாட்டு, தமிழில் சொல்ல வார்த்தை இல்லை என்பது. இதைக் கேட்டால் மானிப்பாய் மண் சிரிக்கும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் அங்கே மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். சத்திரசிகிச்சைக்கு "இரண வைத்தியம்" என்ற நூல் 1867இல் வந்தது. உடற்கூற்றியலுக்கு "மனுஷ அங்காதிபாதம்" 1872இல் வந்தது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் என்று கிடைத்த இடமெல்லாம் சொல் எடுத்தார். வேதியியல் நூலுக்கு "கெமிஸ்தம்" என்றே தலைப்பு வைத்தார். கரடுமுரடான தமிழ்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதைப் படித்தவர்கள் கத்தி பிடித்தார்கள், பிரசவம் பார்த்தார்கள். 1870இல் கொழும்பில் ஆங்கில மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அரசாங்க உத்தியோகம் அந்தப் பக்கம் இருந்தது. கிறீனின் முயற்சி மங்கியதற்குத் தமிழின் மேல் பழிபோடுவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நூற்றைம்பது வருடம் கழித்து, பயொப்சி அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. அதை வாசிப்பவர் மகன். எவ்வளவு சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பவரும் அவரே. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு எந்த அறிகுறியைக் கண்டால் கிளினிக்குக்கு ஓடிவர வேண்டும் என்பது தெரியாது. என்ன வருத்தம் இருந்தது என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டது. பிற்பகல் கட்டுரைகளில் "நோயாளிக்கு அறிவிக்கப்பட்டது" என்ற வரி வந்தால், யார், எந்தத் தமிழ்ச் சொல்லால் அறிவித்தார் என்று கேட்கத் தலைவர் முன்வரிசையில் இருப்பார்.