நெஞ்சு ஏன் படபடக்கிறது? நாடியை எண்ணிப் பார்ப்போம்

(பொல்பிட்டியவில் நடந்த சங்க மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழமையாக இப்படிக் கூடினால் சம்பளம், கிலோ, அரைப்பேர் என்றுதான் பேசுவோம். இன்று நாம் பேசப்போவது நெஞ்சுத் துடிப்பைப் பற்றி. இதுவும் கூலியோடு சம்பந்தப்பட்டதுதான் என்பது முடிவில் உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒரு வேலை செய்வோம். வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டது, மேடு ஏறிவந்த இளைப்பு அடங்கியிருக்கும். இடது கையை மடியில் வையுங்கள். பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்குப் பிழைத்துவிடும். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்து அரை நிமிடம் சொல்லுவார். வந்த எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஓய்வில் இருக்கும்போது உங்கள் நாடித் துடிப்பு.

வளர்ந்தவர்களுக்கு இது நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது 130, 140 என்று போவது இயல்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பல நாள் தொடர்ந்து 100க்கு மேல் இருந்தால் அது இயல்பல்ல. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் எழுந்ததும், தேத்தண்ணி குடிக்கு முன், வெற்றிலை போடு முன் எண்ணுங்கள். ஒரு கிழமை எண்ணி கலண்டரில் எழுதி வையுங்கள். ஒருநாள் கூடினால் பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தாலும் கூடும், பயந்தாலும் கூடும். கர்ப்பிணிகளுக்கு வழமையை விடச் சற்றுக் கூடவே இருக்கும்.

எங்கள் தோட்டத்து அக்கா ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மலைக்குப் போய் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாலும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். படி ஏறினால் கண் இருட்டும். "ஏதோ பார்வை பட்டிருக்கு" என்று ஒருவர் நூல் கட்டினார். "யோசனை கூடிப்போச்சு" என்றார் இன்னொருவர். கடையில் சத்து டொனிக் வாங்கிக் குடித்தார். எட்டு மாதம் கழித்துத்தான் இரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. இரத்தத்தில்தான் இரும்பு இல்லை.

இதை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். உடம்புக்கு வேண்டிய ஒட்சிசனைச் சுமந்து போவது இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். அது குறைந்தால் ஒவ்வொரு நடைக்கும் சுமை குறையும். கூடை சின்னதாகிவிட்டால் அதே கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுவர எத்தனை நடை கூட நடக்க வேண்டும்? இதயமும் அதைத்தான் செய்கிறது. கூடை சிறுத்துவிட்டது, அதனால் அது ஓடி ஓடிச் சுமக்கிறது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11க்கு, ஆண்களுக்கு 13க்கு. அடுத்த முறை இரத்தம் சோதித்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இரும்பு ஏன் குறைகிறது? மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், குறைந்த சாப்பாடு, இவை நாம் அறிந்தவை. இன்னும் இரண்டு காரணங்கள் தோட்டத்துக்கே உரியவை.

ஒன்று கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக உள்ளே போகிறது. அட்டை ஒரு தடவை குடித்துவிட்டு விழுந்துவிடும். கொக்கிப்புழு குடலிலேயே குடியிருந்து தினமும் குடிக்கும். நம் பாட்டன், பூட்டன் காலத்திலேயே இது தெரிந்த விஷயம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் மலசலகூடமும் செருப்பும் இல்லாத இடத்தில் அது திரும்பவும் வந்தது. மருந்து மட்டும் போதாது என்பது நூறு வருடத்துக்கு முந்திய பாடம்.

மற்றது, நாம் பறிக்கும் தேயிலையே. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தேயிலைச் சாயம் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி என்பதுதான் நம் வழமை. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடியுங்கள். இரும்பு வில்லையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணீரோடு விழுங்குங்கள். முருங்கைக் கீரை, பருப்பு, கடலை, நெத்தலி சாப்பிடும்போது கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். புளிப்பு இரும்பை உள்ளே கூட்டிப்போகும். இதற்குக் காசு செலவில்லை.

அடுத்தது தண்ணீர். பொல்பிட்டிய நுவரெலியாவைப் போலக் குளிர் ஊர் அல்ல. கொழுந்து எடுப்பவர்களுக்கும் பால் வெட்டுபவர்களுக்கும் வேர்வை ஊற்றும் ஊர். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறையும், அதைச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கும். நம் சகோதரிகள் பலர் காலையில் மலைக்குப் போனால் பகல் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. மறதியால் அல்ல. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. ஆம்பிளைகள் நிற்கும் மலையில், பாம்பு கிடக்கும் பற்றைக்குள் எப்படிப் போவது? அதனால் தொண்டை வறண்டாலும் அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீர் எரிச்சல், தலைவலி, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் பின்னால் வருகின்றன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் தேங்கும் தண்ணீர் லக்ஷபான வழியாக இறங்கி, கடைசியில் இந்தப் பொல்பிட்டிய மின் நிலையத்துக்குத்தான் வருகிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் தண்ணீர் நம் கண் முன்னால் ஓடுகிறது. அந்த ஊரில் ஒரு பெண் ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாள்.

மலையில் நிற்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சில மிடறு குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரே போதும், கொதித்தாறிய நீராக இருந்தால் நல்லது. சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, வாயில் போடுவதும் புகைப்பதும் குடிப்பதும். பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை போட்டால் சில நிமிடத்திலேயே துடிப்பு ஏறும். பீடி, சுருட்டு, சிகரெட்டும் அப்படித்தான். மலையில் பசியை மறக்கத்தான் வெற்றிலை போடுகிறோம் என்பது எங்களுக்கும் தெரியும், நாங்களும் போட்டவர்கள்தான். முதலில் புகையிலையை விடுங்கள், பிறகு பாக்கைக் குறையுங்கள். வாய்ப் புற்றுநோயிலிருந்தும் தப்பலாம். சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: சாராயம் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். நீங்கள் தூங்கினாலும் அன்றிரவு உங்கள் இதயம் தூங்குவதில்லை, வழமையை விட வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். கசிப்பைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அடுப்புப் புகையையும் மறக்கக் கூடாது. யன்னல் இல்லாத லயத்துக் காம்பராவில் விறகு எரியும்போது வரும் நச்சுக் காற்று, ஒட்சிசன் போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சமைக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். காய்ந்த விறகை எரியுங்கள்.

நடந்தால் துடிப்பு குறையும் என்று கிளினிக்கில் சொல்லுவார்கள். அது உண்மை. கிழமைக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் இதயம் பலப்பட்டு, ஓய்வில் மெதுவாக அடிக்கப் பழகிக்கொள்ளும். ஆனால் நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் கொழுந்துக்காரியிடம் போய் இன்னும் நட என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவருக்கு வேண்டியது ஓய்வும் சாப்பாடும். ஓய்வு பெற்றவர்கள், கொழும்பில் கடையில் நின்று வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகள், ஓட்டோ ஓட்டும் தம்பிமார், இவர்கள்தான் நடக்க வேண்டும்.

யோசனையால் வரும் படபடப்பும் உண்டு. கடன், பிள்ளையின் படிப்பு, வெளிநாடு போன மகளின் கவலை என்று நமக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. இரவில் படுக்கு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து, நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் போதும். கடனை இது தீர்க்காது. ஆனால் நெஞ்சு அடங்கும், தூக்கம் வரும். ஏழு மணித்தியாலத் தூக்கம் இதயத்துக்கு மருந்து. அதைப் பெண்களுக்குக் கிடைக்கச் செய்வது வீட்டு ஆண்களின் கையில் இருக்கிறது. நாலரை மணிக்கு எழும்பி ரொட்டி சுடுவதில் பாதி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. இவையெல்லாம் வைத்தியத்துக்குத் துணை, வைத்தியம் அல்ல. துடிப்பு 100க்கு மேல் ஒரு கிழமை நின்றால், அல்லது தாளம் தப்பித் தப்பி அடித்தால், வைத்தியசாலையில் காட்டுங்கள். இரத்தம் குறைந்திருக்கலாம், தைரொயிட் சுரப்பி கூட வேலை செய்யலாம், இதயத்திலேயே கோளாறு இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இழுப்புக்குக் குடிக்கும் மருந்தும் துடிப்பைக் கூட்டும், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம், திடீரென நிறுத்தினால் ஆபத்து. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், குளிர்ந்த வேர்வை இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்ட லொறி வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒருநாள் பேர் போகுமே என்று பார்க்காதீர்கள்.

சகோதரர்களே, சகோதரிகளே, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுவது நம் கையில் இருக்கிறது. புகையிலையை விடுவதும் நம் கையில்தான். மலையில் மலசலகூடம் கட்டுவது நம் கையில் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வது தோட்டத்தின் கடமை என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே சொல்லிவிட்டது. எனவே நாம் கேட்பது பிச்சை அல்ல.

இந்தக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒவ்வொரு மடுவத்திலும் குடிக்கக்கூடிய தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் பெண்கள் பயமின்றிப் போகக்கூடிய மலசலகூடம் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது, பேர் வெட்டாமல், பிள்ளைக் காம்பராவிலோ பிரட்டுக் களத்திலோ இரத்தப் பரிசோதனையும் பூச்சி மருந்தும் வேண்டும். ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள்.

நன்றி. உயர்த்திய கையை இறக்கும்போது இன்னொரு தடவை மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். நாளைக் காலையில் வீட்டில் உள்ள அம்மாவின் கையையும் பிடித்து எண்ணுங்கள். வந்த எண்ணிக்கையை எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அந்தக் கணக்கும் நம் கையில் இருக்கட்டும்.