வாசலில் ஒரு ரோஜாக் கொடி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாக்கத்தில் கொடி ரோஜா வளர்க்கிறேன். சிரிக்காதீர்கள்! வாசல் கேட்டுக்கு மேலே இரும்பு வளைவு. அதில் ரோஜா படரணும் என்பது என் மனைவியின் ஆசை.

நம்ம ஊர் வெயிலில் ரோஜாவா என்பீர்கள். கொடைக்கானலில் விரு வீரராகவன் என்பவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு, இதற்கே உழைத்தவர். மணிப்பூர் மலைகளில் வளரும் 'ரோசா ஜைஜான்டியா' என்ற காட்டுக்கொடியைக் கலந்து, வெப்ப நாட்டுக்கேற்ற கொடி ரோஜாக்களை உருவாக்கினார். அந்தத் தைரியத்தில் இறங்கினேன்.

முதல் செடி 2015 டிசம்பர் வெள்ளத்தில் போச்சு. சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். தண்ணி தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும். அடுத்ததை மேடு கட்டி நட்டேன். கிடுகிடுவென்று பத்தடி ஏறியது. உச்சியில் நாலு பூ, கீழே வெறும் முள். மூன்று வருஷம் அப்படியே. முழங்கால் வலியோடு வராந்தா நாற்காலியில் இருந்த அவளுக்கு அந்த நாலு பூவும் தெரியாது.

செடி விற்க வந்த பெரியவர் ஒருநாள் பார்த்தார். "நட்டமா விட்டா உச்சாணியிலதான் பூக்கும் சார். படுக்கப் போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. 'நுனி ஆதிக்கம்'! நுனியில் சுரக்கும் ஆக்சின் பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கும்; தண்டைச் சாய்த்தால் அந்தப் பிடி தளரும், கணுவுக்குக் கணு கிளைக்கும். இதே கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான்!

ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது, நாம்தான் கட்டணும். பச்சைத் தண்டாகப் பார்த்து, தூணைச் சுற்றிச் சுற்றி வளைத்து, சணலால் தளர்வாகக் கட்டினேன். முற்றிய தண்டு வளையாது, ஒடியும். வெயிலில் இரும்பு சுடுமே என்று தூணில் தேங்காய் நார்க் கயிறு சுற்றினேன்.

அந்தத் தை மாதம் அடியிலிருந்து பூத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினாள்: முப்பத்தேழு. அடுத்த தைக்கு எண்ண அவள் இல்லை.

மாணவச் செல்வங்களே, படித்ததை நோட்டிலேயே விட்டுவிடாதீர்கள். வாசலுக்குக் கொண்டு போங்கள், பார்க்க ஆள் இருக்கும்போதே.