விளையாட்டுக் கழகமும் மதுவும்

(நமது சங்கத்தின் முகப்பேர்க் கிளைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசப் பணித்த பொருள் யான் நாள்தோறும் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணமும் அன்று, இலக்கியமும் அன்று. நம் மண்டபத்தின் பின்புறத் திடலில் ஒரு மனமகிழ் மன்றம் அமைக்கவேண்டுமென்றும், அதில் புல்தரைப் பந்துருட்டல் ஆடுதற்கு இடம் வகுக்கவேண்டுமென்றும், மன்றத்தின் செலவிற்காக உரிமம் பெற்று மது பரிமாறலாமென்றும் நம் இளைஞர் சிலர் சங்கத்திற்கு எழுதியுள்ளனர். பொதுக்குழு கூடுமுன் இதனை ஆராய்ந்து கூறுமாறு செயற்குழுவினர் என்னைக் கேட்டனர். யான் மது அருந்துபவன் அல்லேன். எனினும் அருந்துவோரை இகழ்தற்கு இங்கு வந்திலேன். இகழ்ச்சியால் ஒரு குடும்பமேனும் திருந்தியதாக யான் கண்டதில்லை.

முதற்கண் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். லான் பவுல்ஸ் என்று ஆங்கிலேயர் அழைக்கும் இவ்வாட்டத்தில், சமமான புல்தரையின் ஒரு முனையில் சிறிய வெண்பந்து ஒன்றை உருட்டி நிறுத்துவர். பின்னர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய பந்துகளை அதனருகிற் சென்று நிற்குமாறு உருட்டுவர். அப்பெரும் பந்து முழு உருண்டை அன்று. அதன் வடிவிலேயே ஒருபுறச் சாய்வு வைக்கப்பட்டிருக்கும். ஆதலின் வேகம் குறையக் குறைய அது வளைந்து செல்லும். வலிமையினும் கணிப்பே இங்கு வேண்டப்படுவது. பேரனும் பாட்டனும் ஒரே அணியில் நின்று ஆடலாம். பெண்டிரும் ஆடவரும் ஒருங்கே ஆடலாம்.

காமன்வெல்த் விளையாட்டுகளில் 1930 முதல் இடம்பெற்ற இவ்வாட்டத்தை நம் நாட்டினர் பலர் 2022ஆம் ஆண்டிலேதான் அறிந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பர்மிங்காமில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி டிர்க்கி என்னும் நால்வரும் தென்னாப்பிரிக்க அணியை 17க்கு 10 என வென்று பொற்பதக்கம் பெற்றனர். அவர்களுட் காவற்றுறையிற் பணிபுரிவோரும் உளர். பள்ளியில் உடற்பயிற்சி கற்பிப்பவரும் உளர். செல்வக்குடியிற் பிறந்தோர்க்கே உரியது இவ்வாட்டம் என்னும் எண்ணத்தை அந்நால்வரும் போக்கிவிட்டனர். எனவே திட்டத்தின் முற்பாதியை யான் முழுமனத்தோடு வரவேற்கின்றேன்.

இனிப் பிற்பாதிக்கு வருவோம். இளைஞர் கூறும் காரணங்கள் இரண்டு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய கழகங்கள் பல, மது விற்பனையின் வருவாயைக் கொண்டே புல்தரையைக் காத்து வருகின்றன என்பது ஒன்று. நம்மவர் எப்படியும் அருந்துகின்றனர். கடைவாயிலில் நின்றும் சாலையோரத்தில் அமர்ந்தும் அருந்துவதினும், நம் கண்முன் அளவோடு அருந்துதல் நன்றன்றோ என்பது மற்றொன்று. இவை நகைத்துத் தள்ளத்தக்கன அல்ல.

நம் முன்னோரும் மதுவை அறியாதவர் அல்லர். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த அன்பும் நினைந்து இரங்கப்படுகின்றது. பின்வந்த திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தார் என்பதை நீங்கள் கருதவேண்டும். இக்காலப் பதிப்புகள் பல அவ்வதிகாரத்தை நட்பியல் என்னும் பிரிவில் அச்சிடுகின்றன. குடி என்பது ஒருவன் தனக்குள் முடித்துக்கொள்ளும் செய்தி அன்று. கூடிவாழ்தலின் செய்தி என்பது இதனாற் பெறப்படும்.

சட்டத்தின் நிலையையும் அறிதல் வேண்டும். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் அது மாகாணம் முழுதும் பரவிற்று. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. ஆயினும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் நம் மாநிலத்தின் அடிப்படைச் சட்டமாய் நிற்கின்றது. மன்றங்களுக்குக் கிடைக்கும் எப்.எல்.2 என்னும் உரிமம் அவ்விலக்கினின்று தரப்படும் ஒரு விடுதலையே. அவ்வுரிமத்தின்படி உறுப்பினர்க்கு மட்டுமே பரிமாறலாம். 21 வயது நிரம்பாதவர்க்கு வழங்குதல் குற்றம். வழிப்போக்கரை உள்ளே விட்டு விற்கும் மன்றம், பெயரால் மன்றமாயினும் செயலாற் கடையே.

மது பரிமாறுதலை ஒரு பொறுப்பாகக் கருதும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உள்ளது. அங்கே கழகங்களில் மது பரிமாறுவோர் அதற்கெனப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருத்தல் வேண்டும். மயங்கியவர்க்கு மேலும் ஊற்றுதல் குற்றம். இதன் காரணம் உடற்கூற்றில் உள்ளது. 42.8 விழுக்காடு வன்மையுள்ள மது 30 மில்லியில் ஏறக்குறையப் பத்துக் கிராம் சாராயச் சத்து அடங்கும். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்துக் கிராம் வரையே அதனைக் கழிக்கவல்லது. மோர் குடித்தாலும் குளிர்ந்த நீரில் முழுகினாலும் அவ்வேகம் கூடாது. நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்படின் வண்டி ஓட்டுதல் குற்றம். முதன்முறைக்கே ஆறு மாதச் சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே பரிமாறுபவனுக்கு ஊற்றத் தெரிந்தாற் போதாது. நிறுத்தத் தெரிந்திருத்தல் வேண்டும்.

அன்பர்காள்! நம்முட் 'போதும்' என்று சொல்லி நிறுத்தவல்லவர் யாவர்?

பல ஆண்டுகட்குமுன் உறவினர் இல்லத் திருமணம் ஒன்று நிகழ்ந்தது. முந்திய இரவு விருந்திற்குப்பின் மாடியறையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை ஓர் இளைஞனிடம் விடப்பட்டது. மணமகனின் தாய்மாமன் நான்காம் முறையாகக் குவளையை நீட்டினார். 'மாமா, போதும்' என்னும் சொல் அவ்விளைஞனின் நாநுனி வரை வந்து நின்றுவிட்டது. முறைமாமனை மறுத்தால் விடிந்ததும் மணமேடையிற் குறை எழுமே என்று அஞ்சி ஊற்றினான். அவர் தம் வண்டியை எடுத்துச் சென்று பூவிருந்தவல்லிச் சாலையில் விழுந்தார். உயிர் தப்பியது, வலக்கால் முன்போல் ஆகவில்லை. அவ்விளைஞன் யானே. அவர் என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

பிறர் நடத்தும் கழகத்திற்கும் நாம் நடத்தப்போகும் மன்றத்திற்கும் உள்ள வேற்றுமை இதுவே. நம் சங்கத்தில் ஒருவர்க்கொருவர் மாமனும் மைத்துனனும் பெரியப்பாவும் சம்பந்தியும் ஆவோம். அவ்வுறவே நமக்குப் பலம். இடுக்கண் வந்துழி ஓடிவருவதும் அதுவே. ஆனால் குவளைக்கு முன் அவ்வுறவே வாயைக் கட்டிவிடுகின்றது. இளையவன் மூத்தவரை மறுக்கமாட்டான். மூத்தவர் சம்பந்தியை மறுக்கமாட்டார்.

ஆதலின் உரிமம் வேண்டுவோர் இவ்வைந்தையும் துணைவிதிகளில் எழுதித் தருவாராக.

முதலாவது, பரிமாறுபவர் நம் உறவினர் அல்லாத, மாதச் சம்பளம் பெறும் ஒருவராதல் வேண்டும். விற்பனையிற் பங்கு அவர்க்குக் கூடாது. இரண்டாவது, அவர் ஒருவர்க்கு மறுத்துவிட்டால் தலைவரேயாயினும் அதனை மாற்றலாகாது. மூன்றாவது, அளவுக் குவளையாலன்றி ஊற்றுதல் கூடாது. உணவும் நீரும் உடன் வைத்தல் வேண்டும். கடன் கணக்கு எழுதவே கூடாது. நான்காவது, அருந்தியவர் தம் வண்டிச் சாவியை ஒப்படைத்து, மன்றத்தின் செலவில் ஆட்டோவிலேனும் காரிலேனும் வீடு சேர்தல் வேண்டும். ஐந்தாவது, புல்தரையின் செலவு முழுதும் உறுப்பினர் சந்தாவினின்றே நடைபெறுதல் வேண்டும்.

இவ்வைந்தில் இறுதியானதே தலையாயது. என்னை? மதுவின் வருவாயால் மன்றம் நடக்குமாயின், மறுக்கப்படும் ஒவ்வொரு குவளையும் மன்றத்திற்கு நட்டமாகும். அப்பொழுது பொருளாளரே 'இன்னும் ஒன்று கொடு' என்பார். மறுத்தலால் நட்டமடையாத கழகமே பொறுப்போடு பரிமாற வல்லது.

இவற்றை இன்றே செய்ய நம்மால் இயலுமா? இயலாது என்பதே என் கருத்து. ஆகவே யான் வேண்டுவது இது. முதலிற் புல்தரையை அமைப்போம். ஓராண்டு மதுவின்றி ஆடுவோம். சந்தாவால் மன்றம் நிற்கின்றதா என்று பார்ப்போம். அதன்பின் உரிமத்தைப் பற்றிப் பொதுக்குழுவில் வாக்கெடுப்போம். அவ்வாக்கெடுப்பிற் குடும்பத்திற்கு ஒரு வாக்கு என்னும் பழைய வழக்கத்தை விடுத்துத் தாய்மார்களுக்கும் தனி வாக்கு அளிப்போம். இரவிற் கதவைத் திறக்கக் காத்திருப்பவர் அவரன்றோ? அவர்கள் 'ஆம்' என்பராயின் யான் மறுத்துப் பேசேன்.

சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட இவ்வூரின் பெயர் மகப்பேறு என்பதன் திரிபென்று கூறுவர். பிள்ளை வரம் வேண்டி வருவோர் இன்றும் உளர். அவ்வூரில் நாம் அமைக்கும் திடலில் நம் பிள்ளைகள் தந்தையரோடு பந்து உருட்டக் கற்கட்டும். பந்தின் சாய்வை அறிந்தே அதனை உருட்டுகின்றோம். நம் சாய்வு எப்பக்கம் என்பதையும் அறிந்தே இம்மன்றத்தை நடத்துவோமாக.