குடலில் வாழும் கிருமிகளும் குடல் அழற்சி நோயும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சுகாதாரத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கிருமிகளை ஒழிக்கும் வழியையே உங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். கிணற்று நீரைச் சுத்தம் செய்யுங்கள், பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், உண்ணுமுன் கையைக் கழுவுங்கள் என்னும் உபதேசங்கள் யாவும் சரியானவையே. அவற்றுள் ஒன்றையும் நான் மறுக்க வரவில்லை. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம், நம் குடலுக்குள்ளேயே நம்மோடு கூடி வாழும் கிருமிகளைப் பற்றியது. அவற்றுக்கும் நம் உடலுக்கும் உள்ள இணக்கம் கெடும்போது உண்டாகும் ஒரு நீண்ட நோயைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். மூலம் என்றும் சீதபேதி என்றும் நினைத்து ஜனங்கள் இந்நோயை வருஷக்கணக்கில் வளரவிடுவதுண்டு. ஆகையால் இதைப் பற்றிச் சிறிதேனும் அறிந்துகொள்வது அவசியம்.

குடலில் நடக்கும் கூட்டுறவு

மனிதனுடைய பெருங்குடலில் பாக்டீரியா என்னும் நுண்ணிய கிருமிகள் கணக்கின்றி வாழ்கின்றன. 2016-ஆம் வருஷத்தில் இஸ்ரேலிலும் கனடாவிலும் உள்ள விஞ்ஞானிகள் சிலர் செய்த கணக்கின்படி, ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவனுடைய சொந்த உயிரணுக்களோ சுமார் 30 லட்சம் கோடிதான். கிருமிகள் அத்தனையும் சேர்ந்தாலும் எடை கால் கிலோவுக்குக் குறைவே.

இவை சும்மா இருந்து உண்பவையல்ல. தானியத்தின் தவிடு, கீரை, பருப்பின் தோல் முதலியவற்றில் உள்ள நார்ச்சத்தை நம் உடல் தானாக ஜீரணிக்க வல்லதன்று. அது பெருங்குடலை அடைந்ததும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்று பியூட்டிரிக் அமிலம். முதலில் வெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லையொட்டி அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. பெருங்குடலின் உட்சவ்வில் உள்ள உயிரணுக்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இந்த அமிலத்திலிருந்தே பெறுகின்றன. நாம் கிருமிக்கு உணவிடுகிறோம். கிருமி நம் குடலுக்கு உணவிடுகிறது. கூட்டுறவின் பயனை அனுபவத்தில் அறிந்த உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இந்தக் கூட்டுறவுக்கும் ஒரு வரம்பு உண்டு. குடலின் உட்புறத்தில் சளி போன்ற ஒரு படலம் படிந்திருக்கிறது. கிருமிகள் அப்படலத்திற்கு அப்புறமும், உடலைக் காக்கும் அணுக்கள் இப்புறமும் இருக்கின்றன. அக்காவல் அணுக்கள் பகைக் கிருமிகளைத் தாக்க வேண்டும். பழகிய கிருமிகளைப் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்தப் பொறுமை தவறினால் காவலே கலகமாகிறது. குடலின் சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாகிறது. இதுவே குடல் அழற்சி நோய்.

நோயின் இருவகை

இந்நோயில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஒன்று பெருங்குடலின் உட்சவ்வை மட்டும் புண்ணாக்குவது. லண்டனில் இருந்த சாமுவேல் வில்க்ஸ் என்னும் வைத்தியர் 1859-இல் இதைப் பற்றி எழுதினார். மற்றொன்று வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியிலும் தோன்றக்கூடியது. குடற்சுவரை ஆழமாகத் துளைப்பது. நியூயார்க் நகரத்து வைத்தியர்களாகிய கிரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-இல் இதை விவரித்தார்கள்; ஆகையால் இது கிரோன் நோய் எனப்படுகிறது.

இவை மேல்நாட்டு வியாதிகள் என்று ஒரு காலத்தில் நம் நாட்டில் கருதப்பட்டது. பஞ்சாபில் லூதியானாவைச் சேர்ந்த வைத்தியர்கள் 51,910 பேரை விசாரித்து, அவர்களுள் 23 பேருக்கு முதல் வகை நோய் இருக்கக் கண்டு, 2003-இல் வெளியிட்டார்கள். லட்சம் பேருக்கு 44 பேர் என்ற அக்கணக்கு அந்தக் கருத்தை மாற்றிவிட்டது.

ஒரே கிருமி காரணமா?

காலராவுக்கும் க்ஷயத்துக்கும் ஒவ்வொரு கிருமி காரணமாயிருப்பதுபோல், இந்நோய்க்கும் ஒரு கிருமி இருக்கும் என்று பலர் தேடினார்கள். கிளாஸ்கோ நகரத்து ரணவைத்தியர் டால்ஸீல் 1913-இல், தம் நோயாளிகளின் குடல் மாடுகளுக்கு வரும் ஜோனி நோயில் காணும் குடலை ஒத்திருப்பதைக் கவனித்தார். அமெரிக்காவில் பார்கன் என்பவர் 1924-இல் பெருங்குடற் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும், இதுதான் காரணம் என்று எந்த ஒரு கிருமியும் நிரூபிக்கப்படவில்லை.

மாறாக வேறோர் உண்மை வெளியாயிற்று. உடலின் சீற்றத்தை அடக்கும் ஒரு பொருளை உண்டாக்க இயலாத எலிகளை ஜெர்மனியில் வளர்த்தார்கள். அவற்றுக்குக் குடல் அழற்சி உண்டானதை 1993-இல் வெளியிட்டார்கள். அதே வகை எலிகளைக் கிருமியே அணுகாத கூண்டில் வளர்த்தபோது அழற்சி உண்டாகவில்லை என்று 1998-இல் அமெரிக்காவில் கண்டார்கள். பெல்ஜியத்தில் கிரோன் நோயாளிகள் சிலருக்கு நோயுற்ற குடற்பகுதியை நீக்கியபின், எஞ்சிய குடலின் ஒரு பகுதிக்குள் ஆகாரக் கழிவு செல்லாதபடி அதை வேறு வழியாகத் திருப்பிவிட்டார்கள். அவ்வாறு இருந்தவரையில் அங்கே நோய் திரும்பவில்லை. கழிவு மீண்டும் அவ்வழியே சென்றபின் திரும்பிற்று. இது 1991-இல் வெளியானது.

2001-இல் கிரோன் நோய்க்கு இடந்தரும் ஒரு பரம்பரைக் கூறும் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமிகளை உடல் அடையாளங்காண்பதற்கு உதவும் கூறு அது. 2008-இல் பிரான்ஸ் தேசத்தார், பியூட்டிரிக் அமிலம் தரும் ஒரு நற்கிருமி இந்நோயாளிகளிடம் குறைந்திருப்பதையும், ரணசிகிச்சைக்குப் பின் நோய் திரும்பினவர்களிடம் அது இன்னும் குறைவாயிருந்ததையும் தெரிவித்தார்கள்.

இவற்றால் விளங்குவது யாதெனில், வெளியிலிருந்து வந்த ஒரு பகைவனால் விளைந்த நோயன்று இது. பிறப்பிலே வந்த இயல்பும், குடற்கிருமிகளின் கூட்டம் குலைவதும், ஆகாரம், புகை, மருந்து முதலிய சூழ்நிலையும் ஒன்றுகூடி விளைவிக்கும் நோய். ஆகவே இது தொற்றுநோயன்று. இந்நோயுள்ளவரோடு உண்பதாலோ உறங்குவதாலோ ஒருவருக்கும் வராது. அவரைத் தனித்து வைப்பதும், தனிப் பாத்திரம் கொடுப்பதும் அநியாயம்.

சிகிச்சையைப் பற்றி

சுவீடன் தேசத்து நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் வைத்தியர் மூட்டு நோய்க்காக ஒரு மருந்தை உண்டாக்கி, அது பெருங்குடற் புண்ணையும் தணிப்பதைக் கண்டு 1940-க்குப் பிந்திய வருஷங்களில் வெளியிட்டார். ஸல்பாஸலஸின் என்னும் அம்மருந்து இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. அது விழுங்கின உருவிலேயே பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை இரண்டாகப் பிளந்து, புண்ணைத் தணிக்கும் பகுதியை விடுவிக்கின்றன. கிருமிகளின் உதவியின்றி அம்மருந்து வேலை செய்யாது.

சௌக்கியமுள்ளவரின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து நோயாளியின் குடலில் சேர்க்கும் முறையும் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான பரீட்சையில், அச்சிகிச்சை பெற்ற 41 பேரில் 11 பேரும், வெறும் போலி மருந்து பெற்ற 40 பேரில் 3 பேரும் குணம் கண்டார்கள். பயன் உண்டு; ஆனால் பெரும்பாலோருக்கு இல்லை. 2019-இல் அமெரிக்காவில், நோய்க்கிருமி கலந்த அத்தகைய மலத்தால் ஒருவர் இறந்தும் போனார். ஆகையால் இது வீட்டில் செய்து பார்க்கும் காரியமன்று.

மோரும் பழைய சோறும் போதாவோ என்று சிலர் கேட்கலாம். ஆறின சோற்றில் குடற்கிருமிகளுக்கு உணவாகும் மாப்பொருள் சற்று அதிகம் என்பது உண்மை. உடல் ஏற்குமானால் அவற்றை உண்பதில் தவறில்லை. ஆனால் அவை ஆகாரமேயன்றி மருந்தாகா. புண் முற்றிக் குடல் குறுகினவருக்கு நார் மிகுந்த பண்டங்கள் அடைப்பை உண்டாக்கவும் கூடும். எது தகும் என்பதை வைத்தியரே கூற வேண்டும்.

நீங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, வயிற்றுப்போக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், மலத்தோடு இரத்தமோ சீதமோ போனாலும், இரவில் எழுந்து மலங்கழிக்க நேர்ந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், மூலம் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தத்தையும் மலத்தையும் பரீட்சிக்கச் செய்யுங்கள். குழாய்க் கருவியால் குடலைப் பார்க்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால் மறுக்காதீர்கள். இளவயதினருக்கே இந்நோய் அதிகம் தோன்றுவதால், வெட்கத்தால் அவர்கள் மறைப்பது உண்டு. பெற்றோர் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் நாட்டில் குடல் க்ஷயமும் கிரோன் நோயும் ஒன்றுபோல் தோன்றும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் க்ஷயம் உள்ளவருக்குக் கொடுத்தால் க்ஷயம் பெருகும். ஆகையால் பரீட்சை முடியாமல் எவரும் தரும் மாத்திரையை வாங்கி விழுங்குவது உயிருக்கு அபாயம்.

மூன்றாவது, சாதாரண வயிற்றுப்போக்குக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உண்ணும் வழக்கத்தை விடுங்கள். அது பகைக் கிருமியோடு துணைக் கிருமிகளையும் அழிக்கிறது. தேவையானபோது வைத்தியர் சொன்ன அளவில் உண்பது வேறு.

நான்காவது, கிரோன் நோயுள்ளவர் பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவற்றை அறவே விட வேண்டும். புகை அந்நோயை மிகுதிப்படுத்துகிறது.

ஐந்தாவது, நோய் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இது அடங்கி மீண்டும் எழும் நோய். கவனிக்காத பெருங்குடற் புண் பல வருஷங்களுக்குப் பின் புற்றுநோய்க்கும் இடமாகலாம். தொடர்ந்து சிகிச்சை பெறுகிறவர்கள் பலர் உழுது பயிரிட்டும், மணந்து மக்களைப் பெற்றும் சுகமாக வாழ்கிறார்கள்.

கடைசியாக, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தவணை தவறின அங்கத்தினர் ஒருவர் உழைப்புக்கு வராமல் மெலிந்து காணப்பட்டால், அவரைச் சோம்பேறி என்று எண்ணுமுன் அவருடைய உடல்நிலையைக் கேளுங்கள். இரத்தம் போவதாகச் சொன்னால், துணைக்கு ஒருவரை அனுப்பி அவரை ஆஸ்பத்திரிக்குச் செல்லச் செய்யுங்கள். இன்று நான் சொன்ன அடையாளங்களைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்து, எழுத்தறியாதவர்களுக்கு அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.